ராகுகாலத்துக்குப் பக்கத்தில் நிலா உதயத்துக்கும் ஒரு வரி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் டெலஸ்கோப் வாங்குவது எப்படி என்று அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். லென்ஸ் வைத்ததா கண்ணாடி வைத்ததா, எத்தனை இன்ச், என்ன விலை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு என்ன செய்வது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. எங்கள் பேரணாம்பட்டில் எனக்குத் தெரிந்து நாலு வீட்டில் டெலஸ்கோப் இருக்கிறது. நாலும் பரணில் இருக்கிறது. வாங்கிய வாரம் நிலாவைப் பார்த்தார்கள், தெருவே வரிசையில் நின்று பார்த்தது, அடுத்த வாரம் யாரோ "வேற என்ன தெரியும்?" என்று கேட்டார்கள், பதில் இல்லை, அவ்வளவுதான், பழைய பித்தளைக் குடத்துக்கும் கொலு பொம்மைப் பெட்டிக்கும் நடுவில் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த நாலில் ஒன்று என்னுடையது. அதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி மேல் 525 மடங்கு பெரிதாகத் தெரியும் என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். 700 மில்லிமீட்டர் குவிதூரத்தை 4 மில்லிமீட்டர் ஐபீஸால் (கண் வைத்துப் பார்க்கும் குட்டி லென்ஸ்) வகுத்து, அதை இன்னும் மூன்று மடங்காக்கும் பார்லோ என்ற துணை லென்ஸால் பெருக்கினால் 525 வரும், கணக்கில் தப்பில்லை. ஆனால் 70 மில்லிமீட்டர் லென்ஸ் மிஞ்சிப் போனால் 140 மடங்குதான் தாங்கும், அதற்கு மேல் போனால் கஞ்சியில் தண்ணீர் ஊற்றிய மாதிரி, அளவு கூடும், சத்து கூடாது. முக்காலியோ, மூச்சு விட்டாலே ஆடியது. அப்புறம் 2018-ல் ஆறு இன்ச் கண்ணாடி வைத்த டாப்சோனியன், அதாவது முக்காலி இல்லாமல் தரையில் பெட்டித் தாங்கி மேல் நிற்கும் டெலஸ்கோப், வாங்கினேன், இன்றுவரை அதுதான். அது பரணுக்குப் போகாததற்கு அதன் ஆறு இன்ச் காரணம் இல்லை. மத்தியானம் கடையில் உட்கார்ந்து போடும் திட்டமும், ராத்திரி முழங்கால் மேல் வைத்து எழுதும் நோட்டும்தான் காரணம். இந்த இரண்டைப் பற்றியும் உங்கள் கட்டுரை வாய் திறக்காததால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டிப் போட்டாலும் பரவாயில்லை, கடைசியில் இருக்கும் கோரிக்கையை மட்டும் வெட்டாதீர்கள்.

சார், உங்கள் நாளிதழில் தினமும் ஒரு பத்தி வருகிறது. திதி, நட்சத்திரம், யோகம், நல்ல நேரம், ராகுகாலம், எமகண்டம், சூலம், இன்று யாருக்குச் சந்திராஷ்டமம் என்பது வரை போடுகிறீர்கள். அந்தச் சந்திரன் எத்தனை மணிக்கு எழும், எத்தனை மணிக்கு விழும் என்று மட்டும் போடுவதில்லை. வானம் பார்க்கிறவனுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

நிலா இருந்தால் மற்றதெல்லாம் மங்கிவிடும், இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த நாளில் எத்தனை மணி நேரம் இருட்டு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு. பௌர்ணமி நிலா சூரியன் விழும் நேரத்தில் எழும். அதற்குப் பிறகு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். சங்கடஹர சதுர்த்திக்கு விரதம் இருக்கும் எங்கள் வீட்டுக்காரம்மா ஒன்பது மணிக்கு மேல் மாடிக்குப் போய் நிலாவைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார், அந்தக் கணக்கு அவருக்கு மனப்பாடம். அதையே ஒரு நாள் இரண்டு நாள் தள்ளினால் என் கணக்கு. நான் கடை சாத்தி, லோடு ஆட்டோவில் டெலஸ்கோப்பை ஏற்றிக்கொண்டு மச்சான் நிலத்துக்குப் போய்ச் சேர மணி பத்து ஆகிவிடும். தேய்பிறை சஷ்டி அன்று நிலா எழப் பதினோரு மணி ஆகும், ஒரு மணி நேர இருட்டு உண்டு. அங்கிருந்து அமாவாசை தாண்டி வளர்பிறை பஞ்சமி வரை, பஞ்சமி நிலா பத்தேகாலுக்கெல்லாம் இறங்கிவிடும் என்பதால், ஏறக்குறைய பதினாலு நாள் எனக்குச் சொந்தம். அதில் மேகம், கல்யாணம், கணக்கு முடிக்கும் நாள் எல்லாம் போக மிஞ்சுவதுதான் என் வானம். இந்த 50 நிமிடம் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கூடும் குறையும், அதனால்தான் அச்சில் நேரம் வேண்டும் என்கிறேன்.

திதியைப் போலவே நட்சத்திரத்தையும் நீங்கள் போடுகிறீர்களே, அது என்னவென்று உங்கள் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜாதகத்துக்கு என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். இன்று ரோகிணி என்றால் நிலா இன்று ரோகிணி பக்கத்தில் நிற்கிறது என்று அர்த்தம், கொஞ்சம் முன்னே பின்னே. போய் நிமிர்ந்து பார்த்தால் நிலாவுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று இருக்கும், அதுதான் ரோகிணி. மகம், சித்திரை, கேட்டை இவையெல்லாம் நிலா போகும் பாதைக்கு அருகில் இருப்பதால் இப்படியே பிடித்துவிடலாம். சுவாதி ரொம்ப வடக்கே, திருவாதிரை கொஞ்சம் தெற்கே, அவற்றுக்கு இது சரிப்படாது. என் பெரியவள் நட்சத்திரம் கற்றுக்கொண்டது இந்தப் பத்தியை வைத்துத்தான், எந்தப் புத்தகத்தையும் வைத்து அல்ல. திட்டத்துக்கும் உதவும். பத்தியில் இன்று கார்த்திகை என்றிருந்தால் அன்று கார்த்திகைக் கூட்டத்தைப் பார்க்க டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவன் முட்டாள்.

மாதப் பெயரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கார்த்திகை மாதப் பௌர்ணமி கார்த்திகைப் பக்கம், மார்கழிப் பௌர்ணமி திருவாதிரைப் பக்கம், சித்திரைப் பௌர்ணமி சித்திரைப் பக்கம். பௌர்ணமி நிலா சூரியனுக்கு நேர் எதிரே நிற்பது. ஆக, அந்த மாதத்தில் அந்த நட்சத்திரம் சாயங்காலம் எழுந்து விடிய விடிய வானத்தில் இருக்கும். எந்த மாதம் எதைப் பார்க்கலாம் என்ற பட்டியல் நம் காலண்டரிலேயே ஒளிந்திருக்கிறது. நட்சத்திரங்கள் தினம் நாலு நிமிடம் முன்னதாக எழும், மாதத்துக்கு இரண்டு மணி நேரம். மார்கழியில் ராத்திரி பத்து மணிக்கு நின்ற இடத்தில் தையில் எட்டு மணிக்கே நிற்கும். இது தெரிந்தால் போதும், அடுத்த மூன்று மாதத்துக்குப் பென்சிலும் காகிதமும் வைத்துத் திட்டம் போட்டுவிடலாம்.

போனில் எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நானும் ஸ்டெல்லேரியம் வைத்திருக்கிறேன், காசில்லாமல் கிடைக்கும் நல்ல மென்பொருள். ஆனால் என் கடைக்குக் காலையில் வந்து ஓசியில் பேப்பர் படிக்கிற பத்துப் பேரும் போனில் அதைத் தேடப் போவதில்லை. பேப்பரில் வந்தால் படிப்பார்கள். போன ஜனவரிக்கு முந்திய ஜனவரியில், 2025-ல், ஆறு கோள்கள் ஒரே நேர்கோட்டில், வெறும் கண்ணால் பார்க்கலாம் என்று எல்லாப் பக்கமும் செய்தி வந்ததே, அந்த வாரம் முழுக்க என் கடையில் பருப்பு வாங்க வந்தவர்கள் எல்லாம் "ஆறு எங்கே?" என்று கேட்டார்கள். வெறும் கண்ணுக்கு வெள்ளி, வியாழன், செவ்வாய், சனி நாலுதான். யுரேனஸும் நெப்டியூனும் கருவி இல்லாமல் ஆகாது. நேர்கோடு என்பதும் ஒரு அதிசயம் இல்லை, கோள்கள் எப்போதுமே சூரியன் போகும் அதே பாதையை ஒட்டித்தான் இருக்கும். இரண்டு பேர் என்னிடம் சண்டைக்கே வந்தார்கள், ஏதோ மீதி இரண்டை நான் கல்லாவில் பூட்டி வைத்திருக்கிற மாதிரி.

இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு வடக்கே ஆந்திர மலை. பத்தலப்பல்லி வழியாக மேலே ஏறினால் வி.கோட்டா போய்விடலாம். மச்சானின் நிலம் அந்த ரோட்டுப் பக்கம், மலை அடிவாரத்தில், நிலக்கடலையும் பக்கத்தில் மாந்தோப்பும். இருட்டு என்றால் அப்படி ஓர் இருட்டு. வடக்கே மலை மறைப்பதால் துருவ நட்சத்திரம் தெரியாது. நம் பக்கம் அது 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. என் டெலஸ்கோப்புக்கு அது தேவைப்படாது என்பதால் கவலை இல்லை. தெற்கே ஆம்பூர் வெளிச்சம் சாம்பல் பூசிய மாதிரி நிற்கும், அதுதான் கவலை.

இருட்டான இடத்தில் எங்களுக்கு இன்னொரு பிரச்சினை உண்டு, சென்னை வாசகர்கள் சிரிக்கலாம். யானை. மலைக்கு அந்தப் பக்கம் கௌண்டின்யா சரணாலயம், அங்கிருந்து இறங்கி எங்கள் பக்கத்துத் தோப்புகளுக்கும் குடியாத்தம் பக்கமும் வந்து போகும். அதனால் என் திட்டத்தில் திதிக்கு முன்னால் வருவது மச்சானுக்கு ஒரு போன். "இன்னைக்கு எப்படி மச்சான்?" அவன் காவல் பரணில் இருக்கும் ஆளைக் கேட்டுச் சொல்லுவான். அந்த ஆள் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர், என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஏம் சூஸ்துன்னாவ் அண்ணா?" (என்ன பார்க்கிறாய் அண்ணா) என்று தெலுங்கில் கேட்டுவிட்டு ஐபீஸில் கண்ணை வைப்பார், சனியைக் காட்டினால் ஒன்றும் பேசாமல் மறுபடியும் வைப்பார். ஒரு நாள் திருவாதிரைக்குக் கீழே, ஓரியன் (வேட்டைக்காரன்) நட்சத்திர மண்டலத்தில் இருக்கும் வாயு மேகத்தை வரைந்துகொண்டிருந்தேன், நடுவில் இருக்கும் நாலு நட்சத்திரத்தையும் புள்ளி வைத்து முடித்தபோது தோப்புப் பக்கம் பட்டாசு வெடித்தது. நோட்டில் அன்றைய கடைசி வரி இப்படி இருக்கிறது: "10.50. யானை. நிறுத்தம்." டெலஸ்கோப் ராத்திரி முழுக்க அங்கேயே நின்றது, காலையில் போய் எடுத்துவந்தோம், கீறல்கூட இல்லை, கண்ணாடி மேல் பனி மட்டும்.

மொட்டை மாடியில் பார்த்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பார்க்கலாம், நிலாவுக்கும் கோள்களுக்கும் போதும். ஆனால் எங்கள் வேலூர்ப் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும், பகலெல்லாம் குடித்த சூட்டைத் தளம் ராத்திரி பத்து மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். அதன் வழியாகப் பார்த்தால் வியாழன் சட்டியில் கொதிக்கிற மாதிரி அலையும். மண் தரை சீக்கிரம் ஆறும். டெலஸ்கோப்பின் கண்ணாடியும் ஆற வேண்டும், அறைக்குள் இருந்ததை வெளியே வைத்து அரை மணியாவது விட வேண்டும். அந்த அரை மணி வீண் இல்லை, கண்ணுக்கும் இருட்டுப் பழக அவ்வளவு நேரம் ஆகும். டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரே ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் அரை மணி உழைப்பும் போச்சு. மார்கழி தையில் பனி இறங்கும், குழாய் வாயில் கறுப்புச் சார்ட் பேப்பரைச் சுருட்டி மாட்டினால் கொஞ்சம் தாங்கும்.

எதைப் பார்ப்பது என்ற பட்டியலில் ஒரு சங்கதி. வெளிநாட்டுப் பட்டியல்களில் பிரபலமானது மெஸ்ஸியே என்ற பிரெஞ்சு வானியலாளர் போட்ட பட்டியல், நட்சத்திரக் கூட்டம், மேகம் என்று 110 பொருள்கள், நல்ல பட்டியல்தான், நானும் ஒன்றொன்றாக டிக் அடித்து வருகிறேன். ஆனால் அந்த மனிதர் இருந்தது பாரிஸில், அவர் வானத்துக்கு எட்டாத தெற்கு எதுவும் அதில் கிடையாது. சித்திரை, வைகாசி ராத்திரிகளில் நம் தெற்கு வானத்தில் ஒமேகா செண்டாரி என்று ஒன்று வரும். வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரு நட்சத்திரம் மாதிரி, ஊதி அணைத்த கற்பூரம் மாதிரி. உண்மையில் அது ஒரு கோடி நட்சத்திரங்கள் உருண்டு திரண்ட கூட்டம், 17,000 ஒளியாண்டு தூரத்தில். நம் ஊரில் அது கிட்டத்தட்ட 30 டிகிரி உயரம் ஏறுகிறது, மூன்று முஷ்டி. 25 மில்லிமீட்டர் ஐபீஸில், 48 மடங்கில், ஆறு இன்ச் கண்ணாடியில் பார்த்தேன். ரவை கொட்டிய தட்டு. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரே புகை, ஓரக்கண்ணால் பார்த்தால் ரவை பொலபொலவென்று உதிரும். மங்கலான எதையும் ஓரக்கண்ணால்தான் பார்க்க வேண்டும், அதற்கென்று தனிப் பயிற்சி எதுவும் நம் ஆட்களுக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ஒரு ராத்திரிக்கு நாலு பொருளுக்கு மேல் எழுதாதீர்கள். நான் முதலில் இருபது எழுதிக்கொண்டு போவேன், ஒன்றையும் பார்த்த மாதிரி இருக்காது. மேற்கே இறங்குவதை முதலில், கிழக்கே ஏறுவதைக் கடைசியில், அவ்வளவுதான் வரிசை.

இனி நோட்டு. கடையில் பத்து ரூபாய் வரவு இடித்தாலும் ராத்திரி தூக்கம் வராத ஆள் நான். அப்படிப்பட்ட நானே முதல் இரண்டு வருஷம் வானக் கணக்கை எவ்வளவு கேவலமாக எழுதினேன் என்று இப்போது பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. "நிலா. அருமை." "வியாழன். சூப்பர்." இப்படியே பக்கம் பக்கமாக. இதில் நான் பட்ட அடி எது என்று சொல்கிறேன். 2020-ல் பொங்கலுக்கும் மகாசிவராத்திரிக்கும் நடுவில் ஒரு பதிவு: "ஓரியன். ரொம்ப நன்றாக இருந்தது. திருவாதிரை டல்." இவ்வளவுதான். தேதி இல்லை, நேரம் இல்லை, எதைவிட டல் என்று இல்லை. அப்புறம் செய்தியில் படிக்கிறேன், உலகம் முழுக்க அந்த வாரங்களில் எல்லோரும் திருவாதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். 2019 கடைசியில் மங்க ஆரம்பித்து, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே போயிருக்கிறது, அது தானே கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்ததால் என்று பிற்பாடு சொன்னார்கள். நானும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், டல் என்று எழுதியும் இருக்கிறேன், யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல் எழுதியிருக்கிறேன். தேதி போடாத பில் மாதிரி.

எப்படி எழுதியிருக்க வேண்டும்? பக்கத்தில் மாறாமல் நிற்கும் இரண்டைப் பிடிக்க வேண்டும். ரோகிணியின் ஒளி அளவு ஏறக்குறைய 0.9, ஓரியனின் ஒரு தோள் திருவாதிரை என்றால் இன்னொரு தோளில், மேற்கே, இருக்கும் நட்சத்திரம் 1.6. எண் கூடக் கூட ஒளி மங்கல். திருவாதிரை வழக்கமாக ரோகிணியைவிடப் பிரகாசம். அந்தப் பிப்ரவரியில் அது ரோகிணிக்கும் கீழே இறங்கி அடுத்த தோளுக்குச் சமமாக நின்றது. "தேதி, 8.40 மணி, ரோகிணியைவிட மங்கல், மேற்குத் தோளுக்குச் சமம்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அது ஒரு அளவு. இந்த மாதிரி வரிகளை அமெச்சூர்களிடமிருந்து வாங்கிச் சேர்க்கிற ஆவ்சோ (AAVSO) என்ற சங்கம் அமெரிக்காவில் 1911-லிருந்து இருக்கிறது, டெலஸ்கோப்கூட வேண்டாம், கண்ணும் கடிகாரமும் போதும். அந்த அடிக்குப் பிறகு, திருவாதிரை தெரியும் மாதங்களில் மாதம் இரண்டு தடவை அதை ரோகிணியோடு ஒப்பிட்டு எழுதிவருகிறேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதும் எழுதியிருக்கிறது.

இப்போது என் நோட்டு மளிகைக் கடை நீள நோட்டுதான், கோடு போட்டது. மேலே தேதி, அதுவும் ராத்திரி பன்னிரண்டைத் தாண்டுவதால் 14/15 என்று இரண்டாகப் போடுவேன், இல்லாவிட்டால் குழப்பம் வரும். இடம். நிலா எழும் அல்லது விழும் நேரம். வானம் எப்படி என்பதற்கு 'நன்று' 'சுமார்' எல்லாம் விட்டுவிட்டேன், கார்த்திகையில் எத்தனை எண்ண முடிகிறது என்று எழுதுவேன். நம் முன்னோர் அறுமீன் என்றார்கள், ஆறு தெரிந்தால் நல்ல வானம், நாலு என்றால் ஆம்பூர் வானம். கார்த்திகை இல்லாத மாதங்களில் வேறொரு கூட்டத்தைப் பிடித்துக்கொள்வேன். அப்புறம் எந்த ஐபீஸ், என்ன தெரிந்தது, எது தெரியவில்லை. பேனா வேண்டாம், பனியில் எழுதாது, பென்சில். ஒரு சீசனில் போனைக் கவிழ்த்து வைத்துக் குரலில் பதிவு செய்து பார்த்தேன், காலையில் கேட்டால் சுவர்க்கோழிச் சத்தமும் மச்சான் அப்பளம் கடிக்கும் சத்தமும் நடுநடுவே நான் "ஆ... ஆ..." என்பதும்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

வரையத் தெரியாது என்று யாரும் தயங்க வேண்டாம். வட்டம் போட ஒரு ரூபாய் நாணயம் போதும். பெரியவள் நாலாவது படிக்கும்போது வியாழனைச் சுற்றி நிற்கும் நாலு புள்ளிகளையும் ஒரு வாரம் விடாமல் வரைந்தாள். 1610 ஜனவரி 7-ல் கலிலியோ செய்ததும் அதேதான். முதல் நாள் கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று, மறுநாள் மூன்றும் மேற்கே, 13-ம் தேதி நாலாவதும் தெரிந்தது. தினம் வரைந்ததால்தான் அவை நட்சத்திரம் இல்லை, வியாழனைச் சுற்றுகிறவை என்று அவருக்குப் பிடிபட்டது. எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் படம் தலைகீழாக வந்தது. "அப்பா, நிலா எல்லாம் அந்தப் பக்கம் குதிச்சிடுச்சு" என்றாள். குதிக்கவில்லை, கண்ணாடி டெலஸ்கோப் படத்தைத் தலைகீழாகத்தான் காட்டும், அன்றைக்கு அவள் மறுபக்கம் நின்று பார்த்திருக்கிறாள், திசை போடவில்லை. திசை கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு: டெலஸ்கோப்பைத் தொடாமல் விட்டுவிடுங்கள், வியாழன் மெல்ல நகர்ந்து எந்த ஓரமாக வெளியே போகிறதோ அதுதான் மேற்கு. 25 மில்லிமீட்டர் ஐபீஸில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக நாலு நிமிடம் ஆகும், பூமி சுற்றுவதை உட்கார்ந்த இடத்தில் பார்க்கிற மாதிரி. படத்தில் மேற்கே ஒரு 'மே' போட்டுவிட்டால் அந்தப் படம் எத்தனை வருஷம் கழித்தும் பேசும்.

பேசியது. 2018-ல் அவள் வரைந்த சனியில் வளையம் அகலமாக விரிந்து, கோளுக்கும் வளையத்துக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கறுப்பு இடைவெளி இருக்கும், காது வைத்த சட்டி மாதிரி. 2020 டிசம்பர் 21-ல் வியாழனும் சனியும் நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்துக்கு நெருங்கி நின்றனவே, 1623-க்குப் பிறகு அவ்வளவு நெருக்கம் அன்றுதான், கடையை வீட்டுக்காரம்மாவிடம் விட்டுவிட்டு மாடிக்கு ஓடினோம், அன்று இரண்டையும் ஒரே வட்டத்துக்குள் வரைந்தாள், அதில் வளையம் கொஞ்சம் ஒடுங்கியிருக்கிறது. வருஷா வருஷம் ஒடுங்கிக்கொண்டே வருகிறது. போன வருஷம் நவம்பரில், மழைக்கு நடுவே கிடைத்த ஒரு தெளிந்த ராத்திரியில், இப்போது பிளஸ் ஒன் படிக்கும் அதே பெண் வரைந்த சனி, ஊசியில் கோத்த ஒற்றை மணி. வளையம் வெறும் கோடு. சனி சூரியனைச் சுற்ற 29 வருஷத்துக்கு மேல் ஆகும், அதில் இரண்டு தடவை வளையம் நமக்கு விளிம்பைக் காட்டும், 2009-க்குப் பிறகு 2025-ல் காட்டியது. பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் எட்டுப் படத்தையும் கடை மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்தபோது சர்க்கரை வாங்க வந்த ஒரு பாட்டி, "இது என்ன, மொக்கு கூம்புதா?" என்று கேட்டார். அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

எங்கள் ஊரிலிருந்து பாலாற்றைத் தாண்டித் தெற்கே, காக்கை பறக்கும் தூரத்தில் சுமார் 40 கிலோமீட்டர், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். 2.3 மீட்டர் டெலஸ்கோப் 1986-லிருந்து அங்கே இருக்கிறது. அதற்கும் முன்னால், 1977 மார்ச் 10 ராத்திரி, அங்கிருந்த ஒரு மீட்டர் டெலஸ்கோப்பில், யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதை அளந்துகொண்டிருந்தார்கள். யுரேனஸுக்கு வளையம் இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது அந்த ராத்திரி நட்சத்திரத்தின் ஒளி முன்கூட்டியே விட்டு விட்டு மங்கியதை வேறு வேறு இடங்களில் பதிவு செய்திருந்ததால்தான். அதற்கும் முன்னே போனால், சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒரு மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். 1874-ல் சூரியன் மேல் வெள்ளி கடந்துபோவதைப் பற்றி ஜனங்களுக்குப் புரியும்படி சிறு நூல் எழுதி, தமிழிலும் வரச் செய்தார். பஞ்சாங்கமும் கணித்தவர் அவர். அந்தக் காலத்தில் பஞ்சாங்கமும் டெலஸ்கோப்பும் ஒரே ஆள் கையில் இருந்திருக்கிறது, உங்கள் பத்தியில் ஏன் சேர்ந்திருக்கக் கூடாது?

கோரிக்கை இதுதான். தினசரிப் பத்தியில் ராகுகாலத்துக்குக் கீழே 'நிலா உதயம், நிலா அஸ்தமனம்' என்று ஒரு வரி. சென்ற செப்டம்பர் 7 கிரகணத்துக்கு நிலா முழுதாக மறையும் நேரம் ராத்திரி 11.00 என்று நிமிடம் தப்பாமல் போட்டீர்கள், அதனால் முடியாது என்று சொல்ல மாட்டீர்கள். எல்லா ஊருக்கும் வேண்டாம், சென்னைக்குப் போடுங்கள், பேரணாம்பட்டில் நாங்கள் ஆறு நிமிடம் கூட்டிக்கொள்கிறோம், மேற்கே கேரள எல்லையில் வாளையாறு பக்கம் இருப்பவர்கள் கால் மணி கூட்டிக்கொள்ளட்டும். இடம் போதவில்லை என்றால் சூலத்தை எடுத்துவிடலாம் என்பேன், ஆனால் அதைப் பார்த்துத்தான் என் மொத்த வியாபாரி சரக்கு வண்டியைக் கிளப்புகிறார், வேண்டாம், இருக்கட்டும்.

இன்றைக்கு உங்கள் பத்தியில் தேய்பிறை சஷ்டி, விசாகம். மாசி மாதம், வானம் காலையிலிருந்து சுத்தம். மச்சானுக்குப் போன் போட்டாயிற்று, யானை நேற்று ராத்திரியே அந்தப் பக்கம் ஏறிவிட்டதாம். பத்து மணிக்கு முதலில் மேற்கே இறங்கும் திருவாதிரையும் ரோகிணியும், அப்புறம் தலைக்கு மேலே பூசம். நோட்டில் தலைப்பு எழுதி வைத்துவிட்டேன். நிலா உதயம் என்ற இடத்தில் இப்போதைக்குக் குத்துமதிப்பாக 11 என்று போட்டிருக்கிறேன், மலைக்கு மேல் வந்ததும் அடித்துவிட்டுச் சரியான நேரத்தை எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
பேரணாம்பட்டு.